நெஞ்சம் தோய்ந்த உழைப்பு

உழைத்து உண்பவர் பலர். ஆனால் உழைப்பவர் அனைவரும் தம் உழைப்பில் உள்ளம் தோய்ந்தவர் என்று கூறிவிட முடியாது. கை வேலையில் இருக்க, கண் கடிகாரத்தில் இருப்பதைக் காண்கிறோம். சம்பள நாளை எண்ணிக்கொண்டே மற்ற நாட்களைத் தள்ளிவிடும் வாழ்க்கையையும் காண்கிறோம். உள்ளூரிலாயினும் வளைகுடா நாடுகளிலாயினும் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், "சம்பளம் வருகிறது, மனம்தான் ஒட்டவில்லை" என்று பெற்றோரிடம் கூறுவதுண்டு. இதனைச் சோம்பலின் பேச்சென்று ஒதுக்குதல் எளிது; ஆயினும் முறையன்று. மனிதன் தன் ஆயுளில் விழித்திருக்கும் பொழுதில் பெரும் பகுதியைத் தொழிலுக்கே கொடுக்கின்றான். அப்பொழுது பொருளற்றுப் போகுமாயின் ஆயுளில் எஞ்சுவது எவ்வளவு?

மனம் ஒட்டுவது எதனால்? விரும்பிய தொழில் வாய்த்தால் ஒட்டும் என்பது பலருடைய எண்ணம். விரும்பிய தொழில் வாய்ப்பவரோ மிகச் சிலர். அச்சிலரைத் தவிர மற்றவர்க்கெல்லாம் ஈடுபாடு எட்டாக் கனிதானா? இவ்வினாவிற்கு விடையை அறிவுரைகளில் தேடுவதைவிட, வாழ்ந்து காட்டியவர்களின் வரலாற்றில் தேடுவதே சாலச் சிறந்தது. அதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை, செட்டிநாடே போதும்.

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடி வட்டாரத்தில் உள்ள நகரத்தார் ஊர்களுள் நாச்சியாபுரமும் ஒன்று. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நெடிய தெருக்களில் நிற்கும் பெரும் வீடுகளைக் காண வருவோர், அவற்றைக் கட்டுவித்த செல்வர்களைப் பற்றி வியந்து பேசுவர். பர்மாத் தேக்கினால் ஆன தூண்களையும் வழவழப்பான வெள்ளைச் சுவர்களையும் புகழ்வர். கட்டுவித்தவர் பெயர் முகப்பில் இருக்கும். கட்டியவர் பெயர் எங்கும் இராது. ஆனால் அவ்வீடுகளின் தரையை ஒரு கணம் குனிந்து பார்த்தால், பெயரில்லாத அந்தத் தொழிலாளர்களின் கை நமக்குத் தெரியும்.

அத்தரையில் பதித்தவை ஆத்தங்குடிக் கற்கள். காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியில் இன்றும் அவை கையாலேயே செய்யப்படுகின்றன. சூளையில் சுடுவது இல்லை. ஒரு கண்ணாடித் தட்டின்மேல் சதுரச் சட்டத்தை வைத்து, அதனுள் பூ வடிவ அச்சை இறக்குவர். நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை அச்சின் அறைதோறும் அளவாக ஊற்றுவர். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலவாமல் நிற்க வேண்டும். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி, அதற்குமேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வர். பிறகு உலர்த்தி, சில நாட்கள் நீர்த்தொட்டியில் ஊற வைத்து, மீண்டும் உலர்த்துவர். இறுதியில் கண்ணாடி தானே விலக, அதன் பளபளப்பு முழுவதும் கல்லில் ஏறியிருக்கும்.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கல்லின் முகம் கண்ணாடியின் பக்கம், கீழ்நோக்கி இருக்கிறது. செய்பவன் காண்பதோ முதுகை. நிறம் ஊற்றும் கணத்தில் கை நடுங்கினால், அதன் விளைவு கண்ணாடி விலகும் நாளில்தான் தெரியும். ஆகவே காணாத முகத்தை மனத்தில் கண்டுகொண்டே அவன் உழைக்க வேண்டும். எந்தத் தொழிலிலும் ஈடுபாட்டின் முதற்படி இதுவேயாகும். செய்யும் சிறு வேலைக்கும் அதன் முடிவான வடிவுக்கும் இடையே உள்ள தொடர்பை மனத்தில் வைத்திருப்பவனுக்குச் சலிப்புக் குறைகிறது. அத்தொடர்பு அறுந்தவனுக்கோ, குழம்பு ஊற்றுவது வெறுமனே குழம்பு ஊற்றுவதாகவே முடிகிறது.

நம் திருமறையும் ஒரு தொழிலாளியின் பட்டறைக்குள் நம்மை அழைத்துச் செல்கின்றது. தாவூது நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த இறைவன், போர்க் கவசங்கள் செய்யுமாறு கூறியதோடு நிறுத்தவில்லை. அவற்றின் வளையங்களைச் சரியான அளவில் அமைக்குமாறும் கட்டளையிட்டான். நபியும் அரசருமான ஒருவருக்குக் கிடைத்த இறைக்கட்டளையில் வளையத்தின் அளவுக்கும் இடம் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் தம் கையுழைப்பால் உண்டு வந்தார்கள் என்பதை நபி பெருமானார் (ஸல்) அவர்களும் சிறப்பித்துக் கூறியுள்ளார்கள்.

இனிச் செட்டிநாட்டின் வணிகத்துக்கு வருவோம். நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கடைகள் நடத்திய காலத்தில், தொழில் கற்பதற்கு ஒரு படிமுறை இருந்தது. சிறுவனாகக் கடைக்குச் செல்பவன் பெட்டியடிப் பையன். பணப்பெட்டியின் அருகில் அமர்ந்து, ஏவிய வேலைகளைச் செய்து, கணக்கு எழுதவும் கற்றுக்கொள்வான். அடுத்த படி அடுத்தாள். அதற்கும் மேலே கடை முழுவதற்கும் பொறுப்பான ஏஜெண்டு. பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணைக்குச் சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு கடல் கடந்து சென்று, தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவர். அன்றாடக் குறிப்பு பேரேட்டில் ஏறும். பேரேடு ஐந்தொகையில் முடியும். ஐந்தொகை கடல் கடந்து முதலாளியின் கைக்கு வரும். தான் எழுதும் ஒரு வரி எங்கே போய்ச் சேருகிறது என்பது பெட்டியடிப் பையனுக்கும் தெரிந்திருந்தது. இன்றைய பெரிய அலுவலகங்களில் பல ஆண்டுகள் பணிபுரிவோர் பலருக்குக்கூட இத்தெளிவு கிட்டுவதில்லை.

ஆயினும் வரலாறு இங்கே நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகின்றது. உழைப்பில் ஊன்றிய மனம் மட்டும் போதாது. அவ்வுழைப்பு எதற்காக என்ற கேள்வியும் வேண்டும். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தபோது, கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் ஈடாக வந்து சேர்ந்தன. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1930களின் இறுதிக்குள் நான்கில் ஒரு பங்காயிற்று. நிலத்தை விரும்பாமல் பணத்தையே வேண்டியவர்களிடம் நிலம் வந்து குவிந்தது. உழவரின் மனத்தில் கசப்பு வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவிற்குள் நுழைந்தபோது பல்லாயிரவர் அனைத்தையும் விட்டு நாடு திரும்பினர். கணக்குப் பிழையற்றதாகவே இருந்தது; கணக்கில் எழுதப்படாத மனிதர் துயரம் வேறாக இருந்தது. வட்டியை விலக்கிய மார்க்கத்தைச் சார்ந்த நாம் இதனைப் பிறர்மேல் குறை கூறுவதற்காக நினைவு கூரவில்லை. நம்முடைய உழைப்பும் யாருக்கு நலம் தருகிறது, யாருக்குச் சுமையாகிறது என்று கேட்டுக்கொள்வதற்காகவே நினைவு கூர்கிறோம்.

வணிகத்தின் வழியாகச் செல்வம் சேர்த்தவர் பலர் தோன்றிய அதே மண்ணில், பிறர் வேண்டாமென்று எறிந்ததைச் சேர்த்த ஒருவரும் தோன்றினார். காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் அவர். சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். கல்லூரிப் பேராசிரியரல்லர், பெரும் அறநிலையத்தின் தலைவருமல்லர். பழைய தமிழ் நூல்களைத் தேடி வாங்கத் தொடங்கிய அவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் அதனை விடாது செய்தார். 1992இல் அவர் மறைந்தபோது கோட்டையூர் வீட்டில் நூல்களும் இதழ்களும் பிறவுமாக ஏறத்தாழ ஒரு இலட்சம் இருந்தன.

அத்தொகையைவிட வியப்பூட்டுவது அதன் வகையாகும். இலக்கியமும் இலக்கணமும் மட்டும் சேர்ப்பவர் உண்டு. முத்தையா செட்டியாரோ மருத்துவ நூலையும் சேர்த்தார். நாடக அறிவிப்பையும் சேர்த்தார். பாட்டுப் புத்தகம், துண்டு வெளியீடு, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றையும் போற்றி வைத்தார். அறிஞர் பலர் குப்பையென்று கருதியவை இவை. ஒரு நாள் காட்சி முடிந்ததும் நாடக நோட்டீசுக்கு மதிப்பு ஏது? ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து அக்கால மக்கள் எவற்றைக் கண்டு மகிழ்ந்தனர், எவற்றைப் படித்தனர், எம்மொழியில் ஒருவரையொருவர் அழைத்தனர் என்று அறிய விரும்புவோர்க்கு அத்துண்டுத் தாளே சான்றாகின்றது. பெயர்ப்பலகை எழுதுபவரின் கண்ணுக்கு எழுத்தின் வடிவமும் அமைப்பும் பழகியவை. தெருவில் நிற்கும் எழுத்துக்கும் ஏட்டில் நிற்கும் எழுத்துக்கும் உயர்வு தாழ்வு கற்பிக்காத பார்வை, அவருடைய சேகரிப்பில் நெடுகக் காணப்படுகின்றது.

சேர்ப்பதோடு பணி முடிவதில்லை. தாளுக்குப் பகை பல. ஈரம் ஒன்று, வெப்பம் ஒன்று, பூச்சியும் கரையானும் வேறு. செட்டிநாட்டின் வெயிலில் அக்காலத்து மலிவான தாள் சில பத்தாண்டுகளில் பழுத்து நொறுங்கும். ஒரு இலட்சம் பொருள்களை ஒரு வீட்டில் வைத்துக் காப்பது என்பது அன்றாடம் தூசி தட்டுவது, புரட்டிப் பார்ப்பது, அடுக்குவது, பட்டியலிடுவது ஆகிய எளிய வேலைகளின் தொடர்ச்சியேயாகும். அவற்றுள் ஒன்றேனும் புகழ் தரும் வேலையன்று. ஆய்வாளர் தேடி வந்து ஓர் அரிய நூலைக் கேட்கும்போது அதனை எடுத்துக் கொடுக்க முடிந்ததே, அவ்வேலைகளின் ஐந்தொகை. சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்ற நபிமொழியின் கருத்தை, அம்மொழியை ஓதாத ஒருவரின் வாழ்வும் விளக்கி நிற்கக் காண்கிறோம்.

அவர் மறைந்தபின் அச்செல்வம் சிதறிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. 1994இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. எனினும் அதனைக் கடல் கடத்தவில்லை. தமிழகத்திலேயே நிலைக்கும் வகையில் சென்னைக்குக் கொணர்ந்து, மொழி அறக்கட்டளையின் துணையோடு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆக்கியது. 1996 முதல் அந்நூலகம் ஆய்வாளர்க்குத் திறந்திருக்கின்றது. பெயர்ப்பலகை எழுதியவரின் பெயர் இன்று ஒரு நூலகத்தின் பெயர்ப்பலகையில் நிற்கின்றது.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தின் வரலாற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஏட்டையும் தாளையும் காத்த பணி நமக்குப் புதியதன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணம் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது பனையோலையிலேயே வாழ்ந்தது. 1835இல் இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை நீங்கிச் சில ஆண்டுகளே கழிந்த நிலையில், 1842இல் அதனை அச்சேற்றியவர் காயற்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் ஆவார். அவரே பல காப்பியங்கள் இயற்றிய பெரும் புலவர். தம் கவிதைக்குச் செலவிடத்தக்க காலத்தைப் பிறர் கவிதையின் பாடம் பார்ப்பதற்குச் செலவிட்டார். ஏட்டுக்கு ஏடு மாறுபடும் சொல்லை ஒப்பிட்டு நோக்கும் உழைப்பு, கவிதை இயற்றுவது போல இன்பமும் புகழும் தருவதன்று. ஆனால் அவ்வுழைப்பு இல்லையேல், இன்று மீலாது மேடைகளில் சீறாவைப் பாடுவோரின் கையில் நூல் இருந்திராது.

இனி நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்தவரைக் காண்போம். செட்டிநாட்டுக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ள தொண்டியில் 1922இல் பிறந்தவர் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம். வாழ்க்கையில் வெற்றி முதலிய நூல்களால், சமய வேறுபாடின்றித் தமிழ் இளைஞர்க்கு ஊக்கமூட்டிய எழுத்தாளர். முன்னேறுவது எப்படி என்று எழுதுவோர் பலர். எழுதியதற்குத் தம் உழைப்பையே உரையாக்கியவர் சிலர். அவர் இஸ்லாமியக் கலைக் களஞ்சியத்தைத் தொகுக்கும் பணியை மேற்கொண்டார். 1970களில் வெளிவரத் தொடங்கிய அப்பெருநூல், அரசும் பல்கலைக்கழகமும் குழு அமைத்துச் செய்யத்தக்க பணியை ஒருவரே ஏற்றதன் பயனாகும்.

களஞ்சியத் தொழிலின் இயல்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கட்டுரையாளன் தனக்குப் பிடித்த பொருளை எடுத்துக்கொள்ளலாம், பிடிக்காததை விட்டுவிடலாம். அகர வரிசைக்குக் கட்டுப்பட்டவனுக்கு அவ்வுரிமை இல்லை. பெரும் கலீபாவின் வரலாற்றை அடுத்து ஒரு சிற்றூரின் பெயர் வரும்; அதனை அடுத்து ஒரு சட்டச் சொல் வரும். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய கவனத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். விரும்பிய வேலையில் மட்டுமே மனம் ஒட்டும் என்பது உண்மையாயின், எந்தக் களஞ்சியமும் 'அ' என்ற எழுத்தைத் தாண்டியிராது. நூலின் முழுமையின்மேல் வைத்த விருப்பமே, தனித்தனிப் பகுதிகளில் தோன்றும் சலிப்பைக் கடத்திச் செல்கின்றது.

அதே 1922இல் இலங்கையின் பாணந்துறையில் பிறந்தவர் ம. மு. உவைஸ். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றால் நான்கைந்து நூல்களின் பெயரே பலருக்கும் தெரிந்திருந்த காலத்தில், அதனையே தம் ஆய்வுத் துறையாக ஏற்றார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய இருக்கையில் அமர்ந்து, பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து அவ்விலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். 1996இல் மறைந்த அவர், நமக்கு இத்துணை நூல்கள் உண்டா என்று நாமே வியக்கும் வண்ணம் அவற்றைத் தேடித் தொகுத்து எடுத்துக் காட்டினார்.

இவர்கள் ஒருவரையொருவர் ஒத்தவரல்லர். ஒருவர் ஆலிம், ஒருவர் ஓவியர், ஒருவர் எழுத்தாளர், ஒருவர் பேராசிரியர். ஆனால் ஒவ்வொருவருடைய உழைப்பும், தாம் முகம் அறியாத ஒரு வாசகனை நோக்கிச் சென்றது. ஈடுபாட்டின் ஊற்று அங்கேதான் இருக்கின்றது. "எனக்கு இதில் என்ன?" என்று கேட்பவனுக்குத் தொழில் கூலியளவே பேசுகின்றது. "இது யாருக்குத் தேவை?" என்று கேட்பவனுக்கு அது பலவற்றைக் கூறத் தொடங்குகின்றது.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பொருளீட்டும் ஒழுக்கத்தைப் பற்றி இஹ்யாவில் தனியே ஒரு பகுதி எழுதினார்கள். தொழிலோ வணிகமோ செய்பவன் தன் செயலால் சமுதாயத்தின் மீதுள்ள ஒரு பர்ளு கிஃபாயாவை நிறைவேற்றுவதாக நிய்யத்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் கூறும் கருத்து. தொழில்களையெல்லாம் மக்கள் கைவிட்டால் உலக வாழ்வே நின்றுபோகும் அன்றோ? ஆகவே தையற்காரரும் கொத்தனாரும் கணக்கரும், ஊர் மக்கள் அனைவர் மீதும் உள்ள ஒரு கடமையைத் தாம் சுமக்கின்றனர். இந்த நிய்யத்துக்குத் தொழிலை மாற்ற வேண்டியதில்லை. தொழிலைப் பார்க்கும் பார்வையை மாற்றினால் போதும்.

ஆனால் இவ்வறிவுரையை உழைப்பவனிடம் மட்டும் கூறி நிறுத்திவிடுவது நீதியாகாது. வயிறு நிறையாதவனிடம் ஈடுபாட்டைப் பற்றிப் பேசுவது எளிய கொடுமை. கூலியை வியர்வை உலரும் முன் கொடுக்குமாறு கூறிய மார்க்கம், உழைப்பவனின் மனத்தை நோக்கும் முன் வேலை வாங்குபவனின் கையை நோக்கியது. செய்யும் வேலை எதில் போய் முடிகிறது என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லாமல், அவன் பெயரைக்கூட அறியாமல், "மனம் வைத்துச் செய்" என்று ஏவும் முதலாளி, பெட்டியடிப் பையனுக்கு ஐந்தொகையைக் காட்டிய அந்த நாளைய கடையிடமிருந்து கற்க வேண்டியது உண்டு. நம் சமுதாயத்தில் கடை வைத்திருப்போரும் தொழிற்கூடம் நடத்துவோரும் பலர். இந்தப் பொறுப்பு நம் வீட்டு வாசலிலேயே நிற்கின்றது.

இன்னொரு பொறுப்பும் உண்டு. நம் பழைய வீடுகளின் அலமாரிகளிலும் பரண்களிலும் அறபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளும், கிஸ்ஸாக்களும், முனாஜாத்துகளும், நின்றுபோன இதழ்களின் படிகளும் இன்றும் கிடக்கின்றன. வீடு இடிக்கும்போது அவை பழைய தாள் வாங்குபவரிடம் போகின்றன. அல்லது மரியாதை கருதி மண்ணில் புதைக்கப்படுகின்றன. படிக்கத் தெரியாத எழுத்து என்பதற்காக ஒரு நூலைக் கைவிடுதல், கல்லின் முதுகை மட்டும் பார்த்து அதற்கு முகமில்லை என்று முடிவு செய்வதை ஒக்கும். வீட்டில் கிடப்பவற்றின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க ஒரு வெள்ளிக்கிழமை மாலை போதும். எழுதிய பட்டியலை ஒரு நூலகத்துக்கோ கல்லூரிக்கோ அறிவிக்க ஓர் அஞ்சலுறை போதும். மனம் ஒட்டும் வேலை எங்கே என்று தேடும் நம் பிள்ளைகளிடம் அக்குறிப்பேட்டைக் கொடுத்துப் பார்ப்போம்.

மறுமை நாள் வந்துவிட்டது என்று அறிந்தாலும், கையிலுள்ள கன்றை நட முடியுமாயின் நட்டுவிடுமாறு நபி பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அக்கன்றின் கனியை நடுபவன் உண்ணப் போவதில்லை. அதன் நிழலில் அமர்பவரும் இல்லை. ஆயினும் நடுதல் கடமையாயிற்று. பயனை நாம் காண்போமா என்பது நம் கையில் இல்லை. கையில் உள்ள கன்றைச் செவ்வனே நடுவது நம் கையில் இருக்கின்றது. அதனை அவ்வாறே செய்ய வல்ல நாயன் நமக்கு அருள் புரிவானாக!